ஸ்மார்ட் கருவிகளை வலைப் பதிவேட்டில் சேர்ப்பதும் தேடி எடுப்பதும்: முழுமையான வழிகாட்டி

ஒரு நெட்வொர்க்கில் எந்தெந்த ஸ்மார்ட் கருவிகள், எந்த முகவரியில் உள்ளன என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வரைத்தான் இங்கே பதிவேடு என்கிறேன். கருவி ஓடுகிறது. பதிவேடும் ஓடுகிறது. தேடிப் பார்த்தால் கருவியைக் காணோம். அல்லது ஒரே கருவி பத்துப் பதினைந்து பதிவுகளாக நிற்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். நிரலில் பிழை இருப்பது அரிது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசைதான் தவறியிருக்கும்.

வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 டிசம்பரில் பரிந்துரையாக வெளியிட்ட 'வெப் ஆஃப் திங்ஸ் டிஸ்கவரி' தரத்தில் உள்ள பதிவேட்டு ஏபிஐயை (நிரல்கள் பதிவேட்டோடு பேசும் முறையை) வைத்து இதை எழுதுகிறேன். நீங்கள் வேறு ஏபிஐ வைத்திருந்தால் பாதைகளின் பெயர் மாறும். வரிசை பெரிதாக மாறாது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கருவிக்குள் மின்சாரம் போனாலும் அழியாத சிறிய சேமிப்பிடம் வேண்டும். ஃப்ளாஷ் நினைவகத்தில் சில பைட்டுகள் போதும். கருவியை அடையாளம் காட்டும் ஐடியை அங்கேதான் வைக்கப் போகிறோம்.

பிற கணினிகள் வந்து சேரக்கூடிய ஒரு முகவரி கருவிக்கு இருக்க வேண்டும். கருவிக்குள்ளிருந்தே சோதித்துவிட்டு "வேலை செய்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். அதே நெட்வொர்க்கில் உள்ள வேறொரு இயந்திரத்திலிருந்து ஒரு கோரிக்கை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். இது சரியாகாமல் பதிவு செய்தால், யாராலும் தொட முடியாத கருவி ஒன்று பதிவேட்டில் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவதாக, பதிவேட்டில் எழுதும் உரிமை தரும் டோக்கன். படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று என்று தனித்தனியாக முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரே டோக்கனில் தொடங்கியவர்கள் கடைசிவரை பிரித்து நான் பார்த்ததில்லை.

## 2. ஐடியை முதலில் முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அடிக்கடி பார்க்கும் தவறு: கருவி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிய யுயுஐடி (வேறெதோடும் மோதாதபடி அமைந்த நீண்ட அடையாள எண்) ஒன்றை உருவாக்கிக்கொள்வது. சோதனை மேசையில் இது தெரியாது. களத்துக்குப் போனபின் மின்சாரம் நான்கு முறை போய் வந்தால், அந்த ஒரு கருவி பதிவேட்டில் ஐந்து கருவிகளாகத் தெரியும். அவற்றில் நான்கு பதிவுகளைத் தன்னுடையதென்று சொல்ல யாரும் இல்லை. கருவிக்கே அந்தப் பழைய ஐடிகள் நினைவில்லை.

இதற்கு மாற்றாகப் பலர் நெட்வொர்க் வன்பொருளின் மேக் முகவரியையோ தொழிற்சாலை வரிசை எண்ணையோ ஐடியாக வைக்கிறார்கள். மாறாது என்பது உண்மைதான். ஆனால் மாறவே மாறாது என்பதும் ஒரு சிக்கல். கருவி கைமாறினாலும் அதே எண் தொடரும். அதை வைத்துப் பழைய உரிமையாளரையும் புதிய உரிமையாளரையும் பின்தொடர முடியும். டபிள்யூ3சி தரமும் இந்தக் காரணத்துக்காகவே வன்பொருளில் பொறிக்கப்பட்ட, மாற்ற முடியாத எண்ணை ஐடியாக வைக்க வேண்டாம் என்கிறது.

நான் பின்பற்றும் முறை இது. கருவி முதன்முறை தொடங்கும்போது சேமிப்பிடத்தில் ஐடி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சீரற்ற எண்களால் ஆன யுயுஐடி ஒன்றை உருவாக்கி, சேமித்து, சேமித்ததை மறுபடி படித்துச் சரிபார்த்த பிறகே பதிவேட்டை நாடும். சேமிப்பதற்கு முன்பே பதிவு செய்துவிட்டு, இடையில் மின்சாரம் போனால், மேலே சொன்ன உரிமையற்ற பதிவு அங்கேயே பிறந்துவிடும்.

ஐடியாக வலை முகவரி ஒன்றையும் வைக்கலாம், தரம் தடுக்கவில்லை. ஆனால் அந்த ஐடி பிறகு ஏபிஐ பாதையின் ஒரு பகுதியாக வரும். முகவரியில் உள்ள சாய்கோடுகளை %2F என்ற சதவீதக் குறியாக்கத்தில் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினாலும் இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் சில ப்ராக்ஸிகள் அவற்றைத் திரும்பச் சாய்கோடாக்கிவிடும். பதில் 404 (அப்படி ஒன்று இல்லை) என்று வரும், காரணம் புரியாமல் ஒரு நாள் போகும். சாய்கோடே இல்லாத யுஆர்என் வடிவிலான யுயுஐடிக்கு இந்தத் தொல்லை இல்லை.

## 3. விவரணையை எழுதி, பதிவேடு இல்லாமலே சரிபாருங்கள்

கருவி தன்னைப் பற்றிச் சொல்லும் ஜேசன் ஆவணத்துக்கு 'திங் டிஸ்கிரிப்ஷன்' என்று பெயர். இங்கே அதை விவரணை என்று அழைக்கிறேன். கட்டாயமாக வேண்டியவை நான்கு: சூழல் குறிப்பு, தலைப்பு, பாதுகாப்பு முறைகளின் வரையறை, அவற்றில் எது பயன்பாட்டில் உள்ளது என்ற குறிப்பு. ஐடி கட்டாயமில்லை, ஆனால் இரண்டாம் படியைச் செய்திருப்பதால் நம்மிடம் அது இருக்கிறது.

பாதுகாப்புப் பகுதியைக் கண்டதும் புதியவர்கள் கடவுச்சொல்லை அங்கே எழுதிவிடுகிறார்கள். அங்கே எழுத வேண்டியது முறையின் பெயர் மட்டுமே: பேசிக், பேரர், ஓஆத் போன்றவை. பதிவேட்டைப் படிக்கும் எல்லோருக்கும் இந்த ஆவணம் போகும் என்பதை நினைவில் வையுங்கள். ரகசியம் வேறு வழியில் போக வேண்டும்.

அடுத்தது அடிப்படை முகவரி. உங்கள் கணினியில் சோதித்தபோது எழுதிய 127.0.0.1 அப்படியே களத்துக்குப் போவது நான் மிக அதிகமாகத் திருத்தியிருக்கும் பிழை. படிப்பவர் அந்த முகவரிக்குப் போனால் தன் கணினியின் கதவைத்தான் தட்டுவார். கன்டெய்னருக்குள் ஓடும் நிரல் தன் உள்முகவரியைக் கேட்டு எழுதிக்கொள்வதும் இதே வகைதான். 172-இல் தொடங்கும் முகவரியைக் கண்டால் உடனே சந்தேகப்படுங்கள்.

ஐபி முகவரியை எழுதுவதா, ஹோஸ்ட் பெயரை எழுதுவதா? நெட்வொர்க் தானாக வழங்கும் (டிஎச்சிபி) முகவரி எப்போது வேண்டுமானாலும் மாறலாம். பெயரைத் தீர்த்து வைக்கும் வசதி நெட்வொர்க்கில் நம்பகமாக இருந்தால் பெயரை எழுதுங்கள். இல்லையென்றால் ஐபியை எழுதி, அது மாறும் ஒவ்வொரு முறையும் மீண்டும் பதிவு செய்யும்படி நிரலை அமையுங்கள். இரண்டையும் செய்யாமல் விடுவதுதான் தவறு.

எழுதிய விவரணையைச் சரிபார்க்க டபிள்யூ3சி ஒரு ஜேசன் ஸ்கீமாவை வெளியிட்டிருக்கிறது. எக்லிப்ஸ் திங்வெப் திட்டத்தின் பிளேகிரவுண்டிலும் ஒட்டிப் பார்க்கலாம். பதிவேட்டுக்கு அனுப்பும் முன்பே இதைச் செய்துவிட்டால், பிறகு வரும் பிழை விவரணையில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். பிழை தேடும்போது இந்த உறுதி மிகவும் மதிப்புள்ளது.

## 4. பதிவேடு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

தரம் இந்த வேலையை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது. முதற்கட்டத்தில் கிடைப்பது ஒரு முகவரி மட்டுமே. விவரங்கள் இரண்டாம் கட்டத்தில், அனுமதி பெற்ற பிறகு கிடைக்கும். யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய ஒலிபரப்பில் கருவியின் வகையும் இடமும் கசியக் கூடாது என்பதே இந்தப் பிரிவினைக்குக் காரணம். எனவே முதற்கட்டத்தில் கூடுதல் தகவலைத் திணிக்காதீர்கள்.

உள்நெட்வொர்க்கில் பொதுவான வழி எம்டிஎன்எஸ் (உள்நெட்வொர்க்கில் எல்லோரிடமும் பெயரைக் கேட்கும் முறை) மூலம் இயங்கும் டிஎன்எஸ்-எஸ்டி (சேவைகளைக் கண்டறியும் முறை). பதிவேடு '_வாட்._டிசிபி' ('வாட்' என்பது வெப் ஆஃப் திங்ஸின் சுருக்கம்) என்ற சேவையின் கீழ் 'டைரக்டரி' என்ற துணைவகையாக அறிவிக்கும். கருவி அதைக் கேட்டு முகவரியை எடுத்துக்கொள்ளும். இது யுடிபி 5353 போர்ட்டில், 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில் நடக்கிறது.

இந்தக் கோரிக்கைகள் ஒரு சப்நெட்டை (நெட்வொர்க்கின் உட்பிரிவை) தாண்டிப் போகாது. கருவிகள் ஒரு வீலேனிலும் (தனியாகப் பிரித்து வைத்த நெட்வொர்க்கிலும்) பதிவேடு இன்னொன்றிலும் இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் எதுவும் வராது. விருந்தினர் வைஃபையில் பயனர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்து வைக்கும் அமைப்பு இருந்தாலும் இதே கதைதான். நெட்வொர்க் போக்குவரத்தைப் பகுப்பாயும் கருவியை எடுப்பதற்கு முன் இந்த இரண்டையும் விசாரியுங்கள்.

சர்வரின் பெயர் தெரிந்தால் 'வெல்-நோன்' பாதையின் கீழ் உள்ள 'வாட்' என்ற இடத்தைக் கேட்கலாம். மிகச் சிறிய கருவிகளுக்குக் கோஆப் நெறிமுறை வழியாகவும் ஏற்பாடு உண்டு.

என் பரிந்துரை: முதலில் அமைப்புக் கோப்பில் முகவரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மட்டுமே எம்டிஎன்எஸ். தானாகக் கண்டுபிடிப்பது அழகுதான். ஆனால் யாராவது சோதனைக்காக இரண்டாவது பதிவேட்டை இயக்கினால், பாதிக் கருவிகள் அங்கே போய்ப் பதிவாகிவிடும்.

## 5. பதிவேட்டின் சொந்த விவரணையைப் படியுங்கள்

பதிவேடும் ஒரு கருவி போலவே தன்னைப் பற்றிய விவரணையை வைத்திருக்கும். எந்தப் பாதையில் எழுத வேண்டும், எந்தத் தேடல் முறைகள் உள்ளன, எந்தப் பாதுகாப்பு முறை என்பதெல்லாம் அதில் இருக்கும். தேடல் வசதிகள் எல்லாப் பதிவேட்டிலும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படிக்காமல் அனுமானித்தால் இரண்டு படி கழித்து 404 வாங்குவீர்கள்.

## 6. புட் மூலம் பதிவு செய்யுங்கள், போஸ்ட் வேண்டாம்

புட், போஸ்ட் இரண்டும் தரவை அனுப்பும் எச்டிடிபி கோரிக்கை வகைகள். புதிய பதிவு என்றதும் கை தானாகப் போஸ்ட்டை நோக்கிப் போகிறது. இந்த ஏபிஐயில் போஸ்ட் என்பது ஐடி இல்லாத விவரணைக்கானது. பதிவேடே ஓர் ஐடி உருவாக்கி, 201 பதிலின் 'லொகேஷன்' ஹெடரில் திருப்பித் தரும். அதைப் படித்துச் சேமிக்காமல் விட்டால் அந்தப் பதிவை இனி உங்களால் திருத்தவும் முடியாது, நீக்கவும் முடியாது.

இன்னொரு ஆபத்து: கோரிக்கை போய்ச் சேர்ந்து பதிவும் ஆகிவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்தது. கருவி தோல்வி என்று நினைத்து மறுபடி போஸ்ட் செய்கிறது. இப்போது இரண்டு பதிவுகள்.

புட் கோரிக்கையில் ஐடியைப் பாதையிலேயே சொல்கிறோம். ஒரு முறை அனுப்பினாலும் பத்து முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். முதல் முறை 201 (உருவாக்கப்பட்டது), அடுத்த முறைகளில் 204 (வெற்றி, பதிலில் உள்ளடக்கம் இல்லை) வரும். இரண்டையும் வெற்றியாக எடுத்துக்கொள்ளும்படி நிரலை எழுதுங்கள். 201 மட்டுமே வெற்றி என்று எழுதப்பட்ட கருவி, மறுதொடக்கத்துக்குப் பின் "பதிவு தோல்வி" என்று முடிவின்றி முயன்றுகொண்டே இருக்கும்.

பாதையில் உள்ள ஐடியும் விவரணைக்குள் உள்ள ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளடக்க வகையை வெறும் ஜேசன் என்று போடாமல், விவரணைக்கென்று உள்ள 'டிடி பிளஸ் ஜேசன்' வகையைக் குறிப்பிடுங்கள்.

400 வந்தால் பதிலின் உடலைப் படியுங்கள். எந்தப் புலம், என்ன தவறு என்று அதில் பட்டியலே இருக்கலாம். நிலை எண்ணை மட்டும் பதிவுக்குறிப்பில் எழுதிவிட்டு உடலைத் தூக்கி எறியும் நிரல்கள் ஏராளம்; கைக்கு வந்த விடையைத் தொலைத்துவிட்டுத் தேடுவது போல.

## 7. ஆயுளைக் குறிப்பிட்டு, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்

பதிவேட்டில் இருப்பது கருவி தன்னைப் பற்றிக் கடைசியாகச் சொன்ன சொல். அந்தச் சொல் எவ்வளவு நேரம் செல்லும் என்பதையும் கருவியே சொல்ல வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்த பதிவேடுகள் சில மாதங்களில் கழற்றி எறிந்த கருவிகளின் பெயர்களால் நிறைந்துவிடுகின்றன. பிறகு பட்டியலை யாரும் நம்புவதில்லை.

விவரணையின் பதிவுப் பகுதியில் இரண்டு வழி உண்டு. 'எக்ஸ்பைர்ஸ்' என்பது குறிப்பிட்ட தேதி, நேரம். 'டிடிஎல்' என்பது பதிவு செய்ததிலிருந்து எத்தனை விநாடி என்பது. கருவிகளுக்கு இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். மின்கலம் தாங்கிய கடிகாரம் இல்லாத சிறு கருவி, நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வரை 1970-ஆம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். அது கணக்கிட்டு அனுப்பும் காலாவதித் தேதி அனுப்பும்போதே கடந்து போயிருக்கும். விநாடிகளாகச் சொன்னால் கணக்கைப் பதிவேடு தன் கடிகாரத்தில் போட்டுக்கொள்ளும்.

பதிவு திருத்தப்படும் ஒவ்வொரு முறையும், முழுதாகவோ பகுதியாகவோ, ஆயுள் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். எனவே புதுப்பிக்க முழு விவரணையை அனுப்ப வேண்டியதில்லை. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் சிறிய பேட்ச் கோரிக்கை போதும். ஆனால் பேட்சுக்கு 404 வந்தால் பதிவு ஏற்கெனவே காலாவதியாகி நீக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஆறாம் படிக்குத் திரும்பி, ஆயுளையும் சேர்த்து முழுமையாகப் புட் செய்ய வேண்டும். இந்தத் திரும்பும் வழி இல்லாத கருவி, பதிவேடு ஒரு நாள் தரவை இழந்தால் யாராவது கையால் மறுதொடக்கம் செய்யும் வரை காணாமலே இருக்கும்.

எவ்வளவு ஆயுள்? ஆயுளின் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என் வழக்கம். ஒரு முயற்சி தவறினாலும் ஆயுள் முடிவதற்குள் இரண்டாவதுக்கு இடம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1000 கருவிகள், ஆயுள் 600 விநாடி, 200 விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்தல் என்றால் பதிவேட்டுக்கு விநாடிக்கு 5 கோரிக்கை. இது சுமையே இல்லை. ஆயுளை 30 விநாடியாகக் குறைத்தால் அது 100 ஆகிவிடும்.

மணிக்கணக்கில் உறங்கி எழும் மின்கலக் கருவிகளுக்கு ஆயுள் உறக்க நேரத்தைவிட மூன்று நான்கு மடங்காவது இருக்கட்டும். ஒப்பீட்டுக்குச் சொல்வதானால், சிறு கருவிகளுக்கான கோர் பதிவேட்டுத் தரத்தில் (இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 9176) எதுவும் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளப்படும் ஆயுள் 90000 விநாடி. 25 மணி நேரம். ஒரு நாளைக்கு ஒருமுறை எழும் கருவிக்கும் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும்.

புதுப்பிக்கும் நேரத்தில் சிறிது சீரற்ற தாமதம் சேருங்கள். ஒரு கட்டடத்தில் மின்சாரம் திரும்பி வரும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் எழுகின்றன. தாமதம் இல்லாவிட்டால் அவை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே நொடியில்தான் வந்து மோதும்.

## 8. பகுதித் திருத்தத்தில் கவனம்

பேட்ச் இங்கே 'ஜேசன் மெர்ஜ் பேட்ச்' விதிப்படி, ஆர்எஃப்சி 7396, நடக்கும். இரண்டு விதிகள் ஆளைச் சாய்க்கும். ஒரு புலத்துக்கு 'நல்' அனுப்பினால் அது வெறுமையாவதில்லை, அடியோடு நீங்கிவிடும். அணிவரிசை ஒன்றை அனுப்பினால் பழைய உறுப்புகளோடு சேராது. பழையது முழுவதும் போய்ப் புதியது மட்டும் நிற்கும். மூன்று இணைப்புகள் இருந்த இடத்தில் நான்காவதைச் சேர்க்க நினைத்து அதை மட்டும் அனுப்பினால், முடிவில் ஒன்றுதான் இருக்கும். நான்கையும் சேர்த்தே அனுப்புங்கள்.

## 9. தேடும்போது

முழுப் பட்டியலையும் இறக்கி உங்கள் பக்கத்தில் வடிகட்டுவது பத்துக் கருவிகளுக்குச் சரி. அதற்கு மேல் 'லிமிட்', 'ஆஃப்செட்' கொடுத்துப் பக்கம் பக்கமாக எடுங்கள். அடுத்த பக்கத்தின் முகவரியை நீங்களே கணக்கிடாமல், பதிலின் 'லிங்க்' ஹெடரில் 'நெக்ஸ்ட்' என்று வருவதைப் பின்தொடருங்கள். அந்த ஹெடரைக் கவனிக்காமல், முதல் பக்கத்தையே முழுப் பட்டியல் என்று நம்பி "என் கருவி பதிவாகவில்லை" என்று வந்தவர்கள் பலர்.

ஜேசன் ஆவணத்துக்குள் தேடும் ஜேசன்பாத் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஜேசன்பாத் ஆர்எஃப்சி 9535 ஆகத் தரப்படுத்தப்பட்டது 2024 பிப்ரவரியில்தான். அதற்கு முன் எழுதப்பட்ட பதிவேடுகளில் வடிகட்டியின் இலக்கணம் சற்று மாறலாம். வினவலைச் சதவீதக் குறியாக்கம் செய்யாமல் அனுப்புவதும் அடிக்கடி நடக்கிறது.

தலைப்பை வைத்துத் தேடாதீர்கள். அது மனிதர்கள் படிப்பதற்கான பெயர், யாராவது மாற்றிவிடுவார்கள். வகைப் புலத்தில் சாரெஃப், சோசா போன்ற பொதுச் சொற்களஞ்சியத்திலிருந்து ஒரு வகையை எழுதி அதை வைத்துத் தேடுங்கள். இந்த முடிவை மூன்றாம் படியிலேயே எடுத்தால்தான் இங்கே பயன்படும்.

கிடைத்த கருவியிடம் நேரே ஒரு கோரிக்கை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் அது உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயுள் முடியும் வரை செத்த கருவியும் பட்டியலில் இருக்கும்.

## 10. மாற்றங்களைக் கேட்பது: முதலில் செவி, பிறகு பட்டியல்

பதிவேடு உருவாக்கம், திருத்தம், நீக்கம் ஆகிய மூன்று நிகழ்வுகளை, சர்வர் தானாகவே செய்தி அனுப்பும் சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் முறை வழியாக அனுப்பும். எல்லோரும் முதலில் பட்டியலை எடுத்துவிட்டுப் பிறகு நிகழ்வுகளுக்குச் சந்தா செய்கிறார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பதிவான கருவி இரண்டிலும் வராது. முதலில் சந்தா செய்து, வருவதை வரிசையில் வைத்து, பிறகு பட்டியலை எடுத்து, அதன்மேல் வரிசையில் உள்ளவற்றைப் பொருத்துங்கள். ஒரே செய்தி இரண்டு முறை வரலாம். ஐடி நிலையானது என்பதால் அது தொல்லை தராது.

இணைப்பு அறுந்தால் கடைசியாகப் பெற்ற நிகழ்வின் எண்ணை 'லாஸ்ட்-ஈவென்ட்-ஐடி' ஹெடரில் அனுப்பி விட்ட இடத்திலிருந்து கேட்கலாம். எதுவுமே வராமல் மௌனமாக இருந்தால் இடையில் உள்ள ப்ராக்ஸி பதில்களைத் தேக்கி வைக்கிறதா என்று பாருங்கள்.

## 11. யார் யாருடைய பதிவைத் தொடலாம்

ஒவ்வொரு கருவியின் டோக்கனும் தன் சொந்த ஐடியின் கீழ் மட்டுமே எழுத அனுமதிக்க வேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே டோக்கன் கொடுத்தால், அவற்றில் ஒன்றைத் திறந்து பார்த்தவர் எந்தக் கதவுப் பூட்டின் முகவரியையும் தன் இயந்திரத்துக்குத் திருப்பிவிட முடியும். படிப்பவர்கள் பதிவேட்டை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பது எழுதும் உரிமைதான். உள்நெட்வொர்க்தானே என்று டிஎல்எஸ் மறையாக்கம் இல்லாமல் விடாதீர்கள்.

## 12. கருவியை அகற்றும் வரிசை

கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும்போது முதலில் பதிவேட்டுக்கு டெலீட் அனுப்புங்கள். 204 வந்த பிறகு ஐடியை அழியுங்கள். வரிசை மாறினால் பதிவை நீக்கத் தேவையான ஐடியே கையில் இருக்காது. பதிவேட்டை எட்ட முடியாவிட்டால் சில முறை முயன்றுவிட்டு ஐடியை அழித்துவிடலாம். ஏழாம் படியைச் சரியாகச் செய்திருந்தால் மிச்சத்தை ஆயுள் பார்த்துக்கொள்ளும். கைமாறும் கருவி அடுத்த முறை தொடங்கும்போது இரண்டாம் படிப்படி புதிய ஐடியோடு எழும்.

இதையெல்லாம் முடித்தபின் நான் செய்யும் நான்கு சோதனைகள்: கருவியின் மின்சாரத்தைப் பிடுங்கி, ஆயுள் முடிந்ததும் பதிவு மறைகிறதா என்று பார்ப்பேன். மீண்டும் செருகி, அதே ஐடியில் ஒரே ஒரு பதிவாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பேன். கருவியின் ஐபியை மாற்றி, பதிவில் உள்ள முகவரியும் மாறுகிறதா என்று பார்ப்பேன். கடைசியாகப் பதிவேட்டின் தரவு முழுவதையும் அழித்துவிட்டு, எதையும் தொடாமல் காத்திருப்பேன். ஓர் ஆயுட்காலத்துக்குள் எல்லாக் கருவிகளும் தாமாகவே பட்டியலில் வந்து சேர வேண்டும்.